முடிச்சூர் சாலையில் ஒரு புல்லட்



தாம்பரம் இரயில் நிலையத்தில் இறங்கி மேற்குப் பக்கமாக வெளியே வந்து, முடிச்சூர் சாலை தொடங்கும் முனையில் காலை எட்டு மணிக்கு ஒருமுறை நின்று பாருங்கள். வாகனங்களை ஓட்டி வருவோரின் முகங்களைப் பார்க்க வேண்டாம், கால்களைப் பாருங்கள். பார்வையைத் தாழ்த்திக்கொள்ளச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம்தான் என்றாலும், நான் சொல்வது வேறு காரணத்துக்காக. போக்குவரத்து நின்றவுடன் சிலர் இரு பாதங்களையும் தரையில் பதித்துச் சிம்மாசனத்தில் அமர்ந்தவர் போல் இருப்பார்கள். சிலர் ஒரு காலை மட்டும் ஊன்றுவார்கள். இன்னும் சிலரோ நுனிக்காலால் தரையைத் தேடித் தேடித் தடுமாறுவார்கள். அவர்கள் முகத்தில் அந்த நேரத்தில் படரும் அச்சத்தை அடுத்த வண்டிக்காரர் கவனிப்பதில்லை. வண்டி சாய்ந்தபின் சிரிக்க மட்டும் பலர் இருப்பார்கள்.

1931ஆம் ஆண்டிலேயே கடற்கரையிலிருந்து மின்சார இரயில் வந்து சேர்ந்த ஊர் தாம்பரம். ஒரு காலத்தில் இரயிலை விட்டிறங்கியவர்கள் வீட்டுக்கு நடந்தே போனார்கள். இன்று பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, 2021 நவம்பர் முதல் இது ஒரு மாநகராட்சி. நிலையத்துக்கும் வீட்டுக்கும், வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் இடையே உள்ள தொலைவை நிரப்புவது இருசக்கர வாகனம்தான். எங்கள் பக்கத்து வீடுகளில் சோற்றுப் பானை இல்லாத வீடும் வண்டி இல்லாத வீடும் கிடையாது.

என் தங்கையின் வீடு முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. அவ்வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திய ஒரு புல்லட், மூன்று ஆண்டுகள் அசையாமல் நின்றது. என் மச்சான் 2012இல் வாங்கிய எலக்ட்ரா அது. 2021 மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலையில் அவர் வஃபாத்தானார். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைந்த உயரம் அவருக்கு. அவர் அதில் அமர்ந்து வந்தால் வண்டிதான் சிறியதாகத் தெரியும்.

அவருடைய மகள் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வாகனப் பொறியியல் படித்தவள். குரோம் தோல் ஆலையால் பெயர் பெற்ற அந்த ஊரில் 1949இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. டாக்டர் அப்துல் கலாம் அங்கே சேர்வதற்குப் பணமின்றி நின்றபோது, அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க நகைகளை அடகு வைத்துக் கொடுத்தார் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் படித்திருக்கிறார்கள். என் தங்கையும் மகளின் படிப்புக்காகத் தன் வளையல்களை அடகு வைத்தாள். அவை இன்னும் மீளவில்லை.

படிப்பு முடிந்து அவளுக்கு ஒரகடம் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். காலைப் பணிக்கு ஆலையின் பேருந்து வரும். பணி நேரம் மாறும் வாரங்களில் மண்ணிவாக்கம், படப்பை என்று பேருந்து மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். புதிய ஸ்கூட்டர் வாங்கக் கையில் பணமில்லை. பழைய புல்லட்டை விற்றால் வரும் தொகை அதற்குப் போதாது.

"அத்தாவின் வண்டியையே நான் ஓட்டுகிறேன், மாமா" என்றாள்.

அவள் உயரம் 150 சென்டிமீட்டர், அதாவது நான்கடி பதினோரங்குலம். எடை 47 கிலோ. வண்டியின் எடை 187 கிலோ, அவளைப் போல் நான்கு மடங்கு. தங்கை அழுதாள். என் தாயார், அவளுக்கு நன்னி, மட்டும் தஸ்பீஹை உருட்டிக்கொண்டே, "அந்தக் காலத்தில் பெண்கள் ஒட்டகத்தில் ஏறிப் போகவில்லையா? அது இதைவிட உயரம்தானே" என்றார்கள். அதற்குமேல் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

வாசகர்களே, இவ்விடத்தில் என் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் குள்ளமானவன்தான்; ஐந்தடி இரண்டங்குலம். இளமையில் நண்பனின் புல்லட்டில் ஏறி, இரயில்வே கேட்டில் நின்றபோது கால் எட்டாமல் வண்டியோடு விழுந்து, கூட்டம் சிரித்த சிரிப்பில் மீண்டும் அதைத் தொடாதவன். ஆகவே மருமகளுக்கு உதவ வேண்டுமென்ற வேகத்தில், அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், அவளைக் கேட்காமலேயே வண்டியை ஒரு பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "பின் ஷாக்கை மாற்றிக் குட்டையாகப் போட்டால் இரண்டு அங்குலம் இறங்கிவிடும் பாய், மாலையில் வாருங்கள்" என்றார் பட்டறைக்காரர். இறங்கத்தான் செய்தது. அவளும் ஏறி அமர்ந்து, இரு நுனிக்கால்களும் தரையில் படுவதைக் கண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை, சந்தில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு அவள் கேட்டைத் திறக்கத் திரும்பியபோது வண்டி மறுபக்கம் சாய்ந்து அவள் கணுக்கால் மீது விழுந்தது. எலும்பு முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மூன்று வாரம் அவள் வேலைக்குப் போகவில்லை. நான் அந்த மூன்று வாரமும் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

நடந்தது என்ன என்பதைப் படுக்கையில் இருந்தபடியே அவள் ஒரு தாளில் வரைந்து காட்டினாள். வண்டி தாழ்ந்துவிட்டது, ஆனால் சைடு ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருந்தது. எனவே சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி ஏறக்குறைய நிமிர்ந்து நின்றது. சந்தின் சிறு சரிவே அதை மறுபக்கம் தள்ளப் போதுமானதாயிற்று. அது மட்டுமன்று. பின்புறத்தை மட்டும் தாழ்த்தி, முன் ஃபோர்க்கை அப்படியே விட்டதால் முன்சக்கரம் முன்னோக்கி நீட்டிக்கொண்டது. திருப்பத்தில் ஹேண்டில் பாரமாயிற்று. முகப்பு விளக்கு மேல்நோக்கி, எதிரே வரும் லாரிக்காரரின் கண்ணில் அடித்தது. வேகத்தடைகளில் சென்டர் ஸ்டாண்டு உரசியது. நான் ஓர் இடத்தில் இரண்டு அங்குலம் குறைத்தேன். வண்டி நான்கு இடங்களில் பதில் சொன்னது.

முடிச்சூரில் வாழ்பவன் நான் வண்டியைத் தாழ்த்தியதுதான் பெரிய வேடிக்கை. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்யத் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. படகில் மக்களை மீட்டார்கள். இன்றும் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் சாலைகளில் முழங்காலளவு நீர் நிற்பது புதிதன்று. இந்த ஊரில் தரைக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு அங்குலமும் பயனுள்ளது.

பழைய ஷாக்குகள் திரும்பி வந்தன. அதன்பின் அவள் சொன்னபடி நாங்கள் செய்தவற்றை விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் உயரம் குறைந்த ஒருவர் இருக்கக்கூடும்.

முதலில் அவள் கேட்டது ஒரு கேள்வி: "கால் ஏன் எட்டவில்லை, மாமா?" உயரம் போதாததால்தான் என்றேன். "பாதிதான் சரி" என்றாள். திண்ணை விளிம்பில் கால்களைச் சேர்த்து உட்கார்ந்தால் பாதம் தரையில் படும். அதே திண்ணையில் ஓர் அரிசி மூட்டையின் மேல் காலை விரித்து உட்கார்ந்தால், மூட்டை எவ்வளவு தட்டையாக இருந்தாலும் பாதம் மேலே போய்விடும். சீட்டின் உயரத்தைப் போலவே அதன் அகலமும் காலைத் தின்கிறது. புல்லட்டின் சீட் முன்பக்கத்திலும் அகலமானது. ஆகவே உயரத்தைக் குறைப்பதற்கு முன் அகலத்தைக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது, ஷாக் அப்சார்பர். இருவர் அமர்ந்து செல்வதற்காகச் செய்யப்பட்ட சுருள் அது. 47 கிலோ ஏறினால் அது சரியாக அமுங்குவதேயில்லை. எலக்ட்ராவின் பின் ஷாக்குகளின் அடியில் படிகள் வெட்டிய ஒரு வளையம் இருக்கும், ஐந்து நிலைகள். மச்சான் குடும்பத்தோடு போகிறவர் என்பதால் அது கடினமான நிலையிலேயே இருந்தது. சி வடிவ ஸ்பேனரால் இரு பக்கமும் ஒரே அளவாக, மிக மென்மையான நிலைக்குத் திருப்பினோம். ஐந்து நிமிட வேலை. ஒரு காசு செலவில்லை. அவள் ஏறி அமர்ந்ததும் வண்டி சற்றே பணிந்தது. பின்னால் யாரேனும் ஏறும் நாளில் மீண்டும் கடினமாக்கிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

மூன்றாவது சீட். நல்ல சீட்டை வெட்டக் கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். அது அத்தா அமர்ந்த சீட். வெள்ளிக்கிழமை காலை பல்லாவரம் சந்தைக்குப் போனோம். நீங்கள் அறியாதவரானால் ஒருமுறை போய்ப் பாருங்கள். பழைய டிரங்க் சாலையில் ஊசி முதல் கட்டில் வரை, மீன் குஞ்சு முதல் கிராமபோன் வரை தரையில் பரப்பியிருப்பார்கள். துருப்பிடித்த இரும்புகளுக்கு நடுவே ரெக்சின் கிழிந்த புல்லட் சீட் ஒன்று அகப்பட்டது. அடிப்பலகை வளையாமல் இருந்தது, அதுதான் முக்கியம். பேரம் பேசி முடித்து ஜும்ஆவுக்குச் சரியாக வந்து சேர்ந்தோம்.

குரோம்பேட்டையில் ஒரு குஷன் கடை. அதன் பெரியவர் சீட்டைத் தனியாக வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். "ஓட்டுகிற பிள்ளையை வரச் சொல்லுங்கள் பாய்" என்றார். வண்டியில் சீட்டை வைத்து அவளை ஏற்றி, தொடை படும் இடங்களைச் சாக்கட்டியால் கோடிட்டார். பிறகு ஹாக்ஸா பிளேடால் முன்பக்க ஓரங்களைச் சீவி, உயரத்தில் அரை அங்குலம் மட்டும் எடுத்தார். "ஒரு வாரம் ஓட்டிவிட்டு வா அம்மா. ஃபோமை எடுப்பது எளிது, திரும்ப வைப்பது கடினம்" என்றார். அடுத்த வாரம் இன்னும் அரை அங்குலம். அதற்குமேல் எடுத்தால் அடிப்பலகை இடுப்பெலும்பில் இடிக்கும், நீண்ட தூரம் போக முடியாது என்று நிறுத்திக்கொண்டார். எடுத்த இடத்தில் மேலாகக் கெட்டியான மெல்லிய ஃபோம் ஒரு தகடு ஒட்டி, வழுக்காத ரெக்சின் தைத்துக் கொடுத்தார். கால் எட்ட வேண்டுமென்று சீட்டை முன்னோக்கிச் சரிவாக வெட்டிவிடுகிறார்கள் சிலர். ஒவ்வொரு பிரேக்கிலும் ஓட்டுபவர் டேங்கின் மேல் சறுக்கிப் போவார் என்றும் அவர் சொன்னார். அவர் பொறியியல் படித்தவரல்லர்.

கைகளைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. உயரம் குறைந்தவருக்கு விரல்களும் சிறியவை. கிளட்ச் கேபிளைப் புதிதாக மாற்றி, கூரிய வளைவின்றிப் போட்டு, லீவர்களைச் சற்றே கீழ்நோக்கித் திருப்பி வைத்தோம். மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்க வேண்டும். ஹேண்டில் பாரை ஒரு விரற்கடை அவள் பக்கம் சாய்த்தோம். அவள் பாதம் நான்காம் எண் காலணி. கியர் லீவர் அதற்கு எட்டவில்லை. அந்த லீவர் ஒரு பற்கள் வெட்டிய தண்டில் செருகப்பட்டிருக்கிறது. கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் போதும். இவையெல்லாம் நாம் வண்டி வாங்கிய நாளிலேயே கடையில் கேட்டுச் செய்துகொள்ளக்கூடியவை. கேட்பதற்கு நமக்கு வெட்கம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தைத் திருத்துவதைத் தடுக்கிறது. சட்டத்தை அறுத்து, இரும்பை வெட்டி ஒட்டும் வேலைகளுக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வண்டியின் உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 இருக்கிறது. நாங்கள் மூன்று ஆண்டு தள்ளிப்போட்ட வேலை அது. அந்தப் படிவத்தில் மச்சானின் பெயரை எழுதும்போது தங்கையின் கை நின்றுவிட்டது. மகள் வாங்கி எழுதி முடித்தாள்.

இனி ஓட்டிப் பழகிய கதை. சுப்ஹுத் தொழுகை முடித்து, வெளிச்சம் வந்ததும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் பக்கச் சாலைக்குப் போவோம். 62 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பெரும் சாலை எங்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது. காலையில் பக்கச் சாலையில் ஆடுகளைத் தவிர யாருமில்லை. முதல் பத்து நாள் என் ஸ்பிளெண்டரில் பழகினாள். 112 கிலோதான், விழுந்தாலும் தூக்கிவிடலாம். பிறகுதான் புல்லட்.

இரு கால்களையும் ஊன்ற வேண்டும் என்ற எண்ணத்தையே அவள் விட்டுவிட்டாள். நிற்கப் போகும்போது இருக்கையில் இடப்பக்கமாகச் சற்று நகர்ந்து, இடக்கால் முழுப் பாதத்தையும் தரையில் பதிப்பாள். வலக்கால் பின் பிரேக்கிலேயே இருக்கும். இடுப்பைச் சற்று நகர்த்தினால் பாதம் இன்னும் கீழே இறங்குகிறது. நிற்பதற்கு முன்பே தரையைப் பார்த்துவிட வேண்டும்: பள்ளத்தில் கால் வைக்கும்படி நிறுத்தக் கூடாது, மணல் மீதும் கூடாது. நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருப்பவை. இடக்கால் ஊன்றுகிறவர் தார் ஓரத்தை ஒட்டி நின்றால் தரை எட்டாமல் போகும். நிறுத்தி வைக்கும்போது, ஏறிப் புறப்படும் திசை மேடாக இருக்கும்படி வைக்கக் கூடாது. பின்னோக்கித் தள்ள வேண்டிய இடமானால் இறங்கித் தள்ளுவதே அறிவு. பழைய புல்லட்டுகளில் கியர் வலப்புறமும் பிரேக் இடப்புறமும் இருந்தன. அவற்றை வைத்திருப்போர் இதை மாற்றிப் படிக்க வேண்டும்.

உடையைப் பற்றி நம் வீட்டுப் பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். புர்காவின் விளிம்போ துப்பட்டாவோ பின் சக்கரத்திலும் செயினிலும் சிக்கி நிகழ்ந்த விபத்துகளைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஸ்பிளெண்டரில் செயினுக்கு முழு மூடி உண்டு. புல்லட்டில் முழுதாக மூடியிருப்பதில்லை. அவள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் மேலங்கியும், கணுக்காலில் பிடித்த கால்சட்டையும் தைத்துக்கொண்டாள். தலைத்துணியில் ஊசி குத்துவதில்லை. ஹெல்மெட்டுக்குள் ஊசி இருப்பது ஆபத்து. பின்னால் கொண்டையாகத் திரட்டிக் கட்டினால் ஹெல்மெட் மேலே தூக்கிக்கொள்ளும் என்பதால், உள்ளே மெல்லிய துணியாகப் படிய வைக்கிறாள். பின்னிருக்கையில் பக்கவாட்டில் அமரும் தாய்மார்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

உரிமத் தேர்வில் எட்டுப் போடச் சொன்னார்கள். அந்த எட்டுக்குள் வண்டி சுற்றும்போது கால் தரையில் பட்டால் தோல்வி. ஆறடி மனிதர் ஒருவர் இரண்டு முறை காலை ஊன்றித் திரும்பிப் போனார். இவள் ஊன்றவில்லை, ஊன்றிப் பழக்கமே இல்லாதவள் அல்லவா! ஓடும் வண்டிக்குக் கால் நீளம் தேவையில்லை, நிற்கும் அந்த இரண்டு நொடிக்குத்தான் தேவை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மூன்று முறை சிறிய பிரிவுகளில் பட்டம் வென்று, பெரிய பிரிவில் 31 பந்தயங்களை வென்ற ஸ்பெயின் நாட்டு டானி பெட்ரோசாவின் உயரம் ஏறத்தாழ 160 சென்டிமீட்டர்தான் என்று அவள் சொன்னாள். இரயில்வே கேட்டில் சிரித்த கூட்டத்துக்கு இதை யார் போய்ச் சொல்வது?

புதிதாக வாங்க நினைப்போருக்கு ஒரு சொல். புல்லட் இந்த ஊர்ப் பிள்ளைதான்: 1955இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் திருவொற்றியூரில் செய்த வண்டி, 2013 முதல் ஒரகடத்திலும் உருவாகிறது. இப்போதைய கிளாசிக் 350இன் சீட் உயரம் 805 மில்லிமீட்டர். 2020இல் வந்த மீட்டியோர் 765. பஜாஜ் அவெஞ்சர் 737. ஆனால் எண்ணை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். அன்றாடம் அணியும் காலணியோடு போய், ஏறி அமர்ந்து, சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பத்தடி பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போங்கள்.

இப்போது பணி நேரம் மாறும் வாரங்களில் அவள் புல்லட்டில்தான் போகிறாள். முதல் நாள் நான் ஸ்பிளெண்டரில் பின்தொடர்ந்தேன். மண்ணிவாக்கம் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக வந்தன. படப்பைக் கடைத்தெருவில் ஒரு மாடு குறுக்கே நின்றது. அவள் இடுப்பை நகர்த்தி, இடக்காலை ஊன்றி, மாடு போகும்வரை காத்திருந்தாள். நான்தான் பின்னால் நுனிக்காலில் தடுமாறிக்கொண்டிருந்தேன். ஒரகடம் ஆலை வாசலில் அவள் திரும்பிக் கையசைத்தாள். வீட்டில் தங்கை கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தாளாம்.

அவளுடைய தம்பி அத்தாவைப் போலவே வளர்ந்துவிட்டான். சென்ற மாதம் அவன் புல்லட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்வந்து, "இந்தச் சீட்டில் என் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கிறது, லாத்தா!" என்று முறையிட்டான்.

"பரணில் அத்தாவின் சீட் இருக்கிறது, போல்ட்டைக் கழற்றி மாட்டிக்கொள். நாளை எனக்குக் காலைப் பணி இல்லை, வண்டி வேண்டும். இரவு தூங்குவதற்கு முன் என் சீட்டைத் திரும்ப வைத்துவிடு" என்றாள் அவள்.